இரண்டாம் பாகத்தில் அலறுவது யார்?

போன வாரம் வேப்பமரத்தில் ஏறிய பீட்டர் பத்திரமாக இறங்கிவிட்டார். கவலைப்பட்டவர்களுக்கு நன்றி. ஆனால் அவர் மேலே கட்டிவிட்டு வந்த குழாய் ஒலிபெருக்கி அங்கேயேதான் இருக்கிறது. இந்த வாரத் தொல்லை முழுவதும் அதன் வாயிலிருந்துதான் வரப்போகிறது.

அது சாதாரணக் குழாய் அல்ல. பெருநகர் கிராமத்துத் திருவிழாவில் ஒருமுறை கீழே விழுந்து வாய் நசுங்கியது. அன்றிலிருந்து அதில் யார் பேசினாலும் மார்கழிக் குளிரில் நடுங்கிக்கொண்டு பேசுவதுபோலவே கேட்கும். வேறு யாராவது என்றால் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். 'பீட்டர் சவுண்ட் சர்வீஸ்' உரிமையாளர் போடவில்லை.

"பல்லு போச்சுன்னு பொண்டாட்டிய வெளிய தள்ளுவாங்களா?" என்பார். மனைவி தேவயானி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துத்தான் சொல்வார்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில், பஸ் நின்றாலும் நிற்கும் போனாலும் போகும் ஒரு நிறுத்தத்தில் இறங்கினால் இவர்கள் தெரு. அன்றைக்கு அங்கே ஆடி ஞாயிறு, அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாள். பீட்டர் சர்ச்சுக்குப் போகிறவர். தேவயானி அம்மனுக்குக் கூழ் வார்க்கிறவள். இது விஷயமாக இருவருக்கும் சண்டை வந்ததே இல்லை. சண்டைக்கு அவர்களிடம் வேறு விஷயங்கள் ஏராளம்.

இந்த வருஷம் தேவயானிக்கு ஒரு வேண்டுதலும் உண்டு. ஒரகடம் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் மகள் சோபியாவுக்கு ஒரு நல்ல வேலை அமைய வேண்டும்.

வேலை அமைந்து மாதக்கணக்காகிறது என்பது தேவயானிக்குத் தெரியாது. தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரே வரி: சோபியா இப்போது பேய்.

'உமிக்காடு' என்று ஒரு வீடியோ கேம். சென்னையில் ஒரு கம்பெனி செய்தது. மூடிப்போன அரிசி மில்லுக்குள் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். கையில் சாகப்போகிற டார்ச், சுற்றிலும் உமிக் குவியல். அந்த உமியின் மேல் யாரோ நடந்து வரும் சத்தம் மட்டும் கேட்கும். அவள் பெயர் உமிக்காரி. முதல் பாகத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கே பல வீரர்கள் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் தூங்கினார்கள்.

இரண்டாம் பாகத்தில் உமிக்காரி வாய் திறக்கிறாள். அந்த வாய் சோபியாவுடையது.

வெள்ளிக்கிழமை முன்னோட்டம் வெளிவரும். அதுவரை பேயின் குரல் யாருடையது என்று வெளியே தெரிந்தால் அந்தக் குரலை எடுத்துவிட்டு வேறு குரல் போட்டுவிடுவார்கள். அப்படித்தான் சோபியா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வீட்டில்கூடச் சொல்லக்கூடாது. வீட்டில் கேட்டால், கம்ப்யூட்டரில் ஏதோ தட்டச்சு வேலை என்கிறாள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அது காலை நாஷ்டாவுக்கு வந்து உட்கார்ந்தது.

* * *

"பேய் பேசாது" என்றான் வசந்த்குமார்.

சோபியாவின் தம்பி. 'பயம் பழகு' என்ற பெயரில் யூடியூப் சானல் நடத்துகிறான். பேய் விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் பேச அவனை விட்டால் ஆள் கிடையாது என்பது அவனுடைய கணிப்பு. கணிப்பதுதான் அவன் தொழிலே. 'உமிக்காடு இரண்டாம் பாகத்தில் எதிர்பார்க்க வேண்டியவை' என்று ஒரு மாதமாக எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

"இல்லடா, பார்ட் டூல பேசும்னு பேச்சு அடிபடுதே?" என்றாள் சோபியா, சட்னியை ஊற்றிக்கொண்டே.

"எவன் சொன்னான்? அக்கா, இத்தப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்? நான் மூணு வருசமா இதே வேலையா கீறேன்."

"வேலைன்னு சத்தமா சொல்லாத. நைனா காதுல வுழப்போவுது."

"பேசுற பேயப் பாத்து எவன் பயப்படுவான்? பேசினா அது பேயில்ல, சொந்தக்காரங்க."

"டேய், நான் பயப்படுறதே சொந்தக்காரங்களுக்குத்தான்" என்றார் பீட்டர், வாசலில் ஒயரைச் சுற்றிக்கொண்டே.

"நைனா, நீ சும்மா இரு. கேம் டிசைன்னா இன்னான்னு உனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தட்ட அலம்பி வெக்கணும், அத்த தெரியுமா உனுக்கு?"

சோபியா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். பேய்க்குச் சட்னி ஊற்றத் தெரியும் என்பதை அவன் கணிக்கவே இல்லை.

அவளுடைய சிக்கல் வேறு. ஒலி இயக்குநர் ஸ்ரீராம்குமார் கடைசி நான்கு வசனத்தையும் ஒரு அலறலையும் இன்று மதியம் ஒரு மணிக்குள் கேட்டிருந்தார். இதுவரை அவள் அனுப்பிய எந்த அலறலும் அவருக்குப் பிடிக்கவில்லை. "அலறல்ல மண்வாசனை இல்லம்மா" என்றார் ஒருதரம். "ஆத்மா வெளிய வரல" என்றார் இன்னொரு தரம். அவர் மண்ணை முகர்ந்து பார்த்தது அடையாறில் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும்தான். இன்றைக்கும் சரியில்லை என்றால் மும்பையிலிருந்து ஒரு நடிகை வருவார் என்று சொல்லியிருந்தார்.

நல்ல மைக் வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே ஒரு நல்ல மைக். துண்டில் சுற்றி, பீட்டர் அதைக் கைக்குழந்தைபோல் வைத்திருப்பார். அது இன்று கோயிலுக்குப் போக வேண்டியது.

"நைனா, மைக்குல ஒயர் விட்டுப்போச்சு. கரகரங்குது" என்றாள் சோபியா.

"நேத்து நல்லாத்தான இருந்துச்சு?"

"நேத்து நீயும்தான் நல்லாயிருந்தே. இன்னிக்கி முட்டி வலிங்கிற. உட்டுட்டுப் போ, பத்த வெச்சித் தரேன்."

ஒரகடத்தில் அவள் சாலிடரிங் பிரிவில்தான் இருந்தாள். பீட்டர் நம்பினார். மைக் இல்லாமலேயே கோயிலுக்குப் போனார்.

* * *

இங்கே பீட்டர் வீட்டு ஏற்பாட்டைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

மற்ற சவுண்ட் சர்வீஸ்காரர்கள் ஆம்ப்ளிஃபயரைக் கோயிலில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்வார்கள். பீட்டருக்கு மதியம் வீட்டுச் சாப்பாடு வேண்டும். அதனால் ஆம்ப்ளிஃபயர் வீட்டுக் கூடத்திலேயே இருக்கும். ஒயர் மட்டும் ஜன்னல் வழியாகப் போய், கோயில் ஓரத்து வேப்பமரத்தில் ஏறும். நடுவில் ஒரு மரப்பலகையில் சாதாரண வீட்டுச் சுவிட்ச். அதை அணைத்தால் குழாய் ஊமை. போட்டால் குழாய் பேசும். இந்தத் தெருவில் இதைவிடப் பெரிய விஞ்ஞானம் நடந்ததில்லை.

சோபியா மைக்கின் நீள ஒயரை இழுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். பந்தல் துணியும் ஜமக்காளமும் கூரை வரை அடுக்கியிருக்கும் அறை. கல்யாண வீட்டு வாடை அடிக்கும். ஸ்டுடியோக்காரர்கள் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி உண்டாக்கும் நிசப்தம் இங்கே சும்மாவே கிடைத்தது. மைக்கின் சத்தம் கூடத்து ஆம்ப்ளிஃபயருக்குப் போய், அதன் பின்பக்கத்திலிருந்து அவளுடைய லேப்டாப்புக்கு வந்து சேரும்.

கோயிலில் பாட்டு முடிந்து பேச்சு தொடங்கும் நேரம். சோபியா குழாய் சுவிட்சை அணைத்தாள். பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். காதை முழுக்க மூடும் ஹெட்போனை மாட்டினாள். இனி வெளியே இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது.

இடி விழவில்லை. வசந்த்குமாரின் போன் அடித்தது.

"டேய், கொழாயில உசுரே இல்லடா!" பீட்டர் கோயிலிலிருந்து கத்தினார். "பாண்டுரங்கன் பேச எழுந்துட்டாரு. அவரு முடிச்சதும் அம்மன் பாட்டு வந்தாவணும். சுவிட்சப் போட்டு வையி."

"லைவ் ஆரம்பிக்கப் போறேன் நைனா. பேஜார் பண்ணாத."

"சுவிட்சப் போட்டுட்டு நீ எங்க வேணா போ!"

வசந்த்குமார் கூடத்துக்கு வந்தான். சுவிட்சைப் போட்டான். நேராகத் தன் அறைக்குப் போய்விட்டான். அவன் அறை ஜன்னல் வேப்பமரத்தைப் பார்த்து இருக்கிறது. காற்றுக்காக அதைத் திறந்தே வைத்திருந்தான்.

* * *

"வணக்கம் பயந்தாங்கொள்ளிகளே!" என்று ஆரம்பித்தான். எண்ணூற்றுச் சொச்சம் பயந்தாங்கொள்ளிகள் காத்திருந்தார்கள்.

"பார்ட் ஒன்ல மில்லுக்குள்ளயே சுத்திக்கினு இருந்தோம். பார்ட் டூல மில்ல விட்டு வெளிய வரோம். ஏரி, கரை, ஊரு, எல்லாமே கீது. டார்ச் பேட்டரி போன தபாவ விட கம்மி. துப்பாக்கியா? கனவு காணாதீங்க. போன தபா மொறத்த வெச்சிக்கினு ஓட்டினோம். இந்தத் தபா மொறமும் கெடைக்குமான்னு சந்தேகம்."

கீழே கேள்விகள் ஓடின. ஆட்டத்தைச் சேவ் செய்யும் இடம் எது?

"டீக்கடை பெஞ்சுதான். அத்த மாத்தினா நானே கம்பெனி வாசல்ல போய் ஒக்காந்துக்குவேன். அப்பால, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. உமிக்காரி வாயத் தொறக்க மாட்டா. சத்தியமா தொறக்க மாட்டா. தொறந்தா என் மீசைய எடுத்துடறேன்."

மீசை என்று அவன் குறிப்பிட்டதை இன்னும் யாரும் அங்கீகரிக்கவில்லை. இருந்தாலும் சவால் சவால்தான்.

அதே நேரம் கோயிலில் பாண்டுரங்கன் பேசிக்கொண்டிருந்தார். காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருப்பவர். விழாவுக்கு உபயம். பேனரில் அம்மன் படம் ஒரு மூலையில், இவர் படம் மற்ற மூன்று மூலைகளிலும். மைக் இல்லாததால் பேச்சு மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. மூன்றாவது வரிசைக்குப் பின்னால் இருந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

"இந்த விழாவுக்காக நான் ஓடி ஓடி, ஊர் ஊராக ஓடி..." என்றார் பாண்டுரங்கன்.

வேப்பமரம் பேசியது.

"ஓடினது போதும்."

நடுக்கமெடுத்த பெண் குரல். பாண்டுரங்கன் வாயைத் திறந்தபடியே நின்றார்.

"நில்லு. பசிக்குது."

கூழ்ப்பானைக்கு முன்னால் நின்றிருந்த தேவயானியின் கையிலிருந்து அகப்பை நழுவியது.

"எனக்கு இன்னா வச்சிருக்கே?"

அப்புறம் வந்தது அலறல். நசுங்கிய வாயில் அதிர்ந்து, ஏரிக்கரையில் மோதி, இரண்டாகத் திரும்பி வந்தது. தெருநாய்கள் ஒரு குரைப்புக்கூட இல்லாமல் நடந்து வெளியேறின. தேவயானி அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டாள். தெருவே அவள் பின்னால் விழுந்தது. பாண்டுரங்கனும் விழுந்தார், பேச்சை முடிக்காமலே.

* * *

வசந்த்குமாரின் ஜன்னல் வழியாக இதெல்லாம் நேரலையில் போனது.

'ப்ரோ யாரு அது???' 'உமிக்காரிடா!!!' 'கம்பெனிலேர்ந்து லீக்கா?' 'மீசை போச்சு ப்ரோ.'

வசந்த்குமாருக்கு அது யார் என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. 'எழுந்திரு, தண்ணி நின்னுடும்' என்று பள்ளிக்கூட நாளெல்லாம் அவனை எழுப்பிய அதே குரல். நேரலையின் சத்தத்தை நிறுத்தி வைத்துவிட்டு, நேராக ஓடிப்போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தான்.

பந்தல் துணிகளுக்கு நடுவே சோபியா. கையில் மைக். அடுத்த அலறலுக்கு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் மைக்கின் பொத்தானை அணைத்துவிட்டு, ஹெட்போனைப் பிடுங்கினான்.

"நீயா?"

சோபியா கூடத்தைப் பார்த்தாள். சுவிட்சைப் பார்த்தாள். "அத்தப் போட்டது யாரு?"

"நானு."

"வெளிய போச்சா?"

"ஊருக்கே போச்சு. லைவ்லயும் போச்சு." அவனுக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, நீதான் உமிக்காரியா? ஒரு மாசமா எனுக்கு எதிருல ஒக்காந்துக்கினு..."

"கையெழுத்துப் போட்டுருக்கேன்டா. வெள்ளிக்கெழமைக்கு முன்னாடி தெரிஞ்சா என் கொரல எடுத்துடுவாங்க. மறுபடி அந்த ஒரகடம் கம்பெனி பஸ்ல ஏறணும். நான் ஏற மாட்டேன்."

"எண்ணூறு பேரு யாரு யாருன்னு கேட்டுக்கினு கீறாங்க. நான் மட்டும் இப்ப உண்மையச் சொன்னா, தமிழ்நாட்டுலயே என் சானல்தான்."

"சொல்லு."

"சொல்லட்டுமா?"

"சொல்லேன். நாளைக்கி நாஷ்டாவுக்கு வருவேல்ல?"

மிரட்டலாக அவள் சொல்லவில்லை. காய்ந்த துணியை மடித்து வைப்பதுபோல் சொல்லிவிட்டு, லேப்டாப்பில் பதிவைச் சேமிக்கத் திரும்பிவிட்டாள். அவளுக்குத் தன் தம்பியைத் தெரியும். அவனுக்குத்தான் தன்னைத் தெரியாது.

வசந்த்குமார் நாற்காலிக்குத் திரும்பினான். மூன்று வருஷத்தில் முதல்முறையாகக் கேமராவைப் பார்க்காமல் பேசினான்.

"அது... நான்தான்."

'என்னது?'

"மிமிக்ரி. ஒரு ஹைப்புக்குப் பண்ணேன். எங்கப்பாது மைக் செட்டு. முன்னாடியே கத்திப் பதிஞ்சி வெச்சி, இப்ப உட்டேன்."

'பொம்பள குரல்ல இவ்ளோ நல்லாவா?' 'இப்ப பண்ணிக் காட்டு ப்ரோ.'

பண்ணிக் காட்டினான். மழையில் நனைந்த மொபெட் கிளம்ப மறுப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி நேரலையை முடித்தான். 'கணிப்பு மன்னன்' என்று அவனே தனக்குச் சூட்டியிருந்த பட்டத்தை, 'மைக் செட்டு மன்னன்' என்று மாற்றி அனுப்பியிருந்தார்கள் அன்பர்கள்.

* * *

பீட்டர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"எவ கைய வெச்சது மைக்குல?"

"லூஸ் கனெக்‌ஷன் நைனா" என்றாள் சோபியா. "பத்த வெக்கறப்போ ஏதோ ஆயிடுச்சி."

"லூஸ் கனெக்‌ஷன் வந்து பசிக்குதுன்னு சொல்லுமாடி?"

"எதனா ரேடியோ மாட்டியிருக்கும்."

"எந்த ரேடியோல பாண்டுரங்கன வாய மூட வெச்சாங்க?" என்றார் பீட்டர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை. "அது சரி. நம்ம கொழா எவ்ளோ கிளியரா கேட்டுச்சு பாத்தியா? தூக்கிப் போடு, தூக்கிப் போடுன்னீங்களே!"

அவர் மறுபடி கோயிலுக்கு ஓடினார். சோபியா சொன்ன நேரத்துக்குள் பதிவை அனுப்பிவிட்டு, வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, கோயிலிலிருந்து வந்த கூழை முருங்கைக்கீரையோடு குடித்துக்கொண்டிருந்தான்.

"தேங்க்ஸ்டா" என்றாள்.

"மூடிக்கினு இரு. மீசை எடுக்கணும் நான்."

"எங்க கீது அது?"

போன் அடித்தது. ஸ்ரீராம்குமார். சோபியா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சோபியா, கேட்டேன்மா. ஸாரி. சுத்தமா இருக்கு. ரொம்பச் சுத்தமா இருக்கு. அதுதான் பிரச்சனையே. ஆத்மா இல்ல."

"சார், இன்னொரு வாட்டி..."

"வேண்டாம். எனக்குக் கெடைச்சாச்சு. இப்பதான் ஒரு க்ளிப் பார்த்தேன், அலறல மட்டும் வெட்டி எல்லாரும் அனுப்பிட்டிருக்காங்க. யாரோ ஒரு பையன், உங்க உத்திரமேரூர்ப் பக்கம்தான். அலறியிருக்கான் பாரு! அந்த நடுக்கம், அந்த மண்ணு, அந்தப் பசி! நானும் மாசக்கணக்கா இதத்தான் உங்கிட்ட கேட்டேன். உன்னால முடியல. தப்பா எடுத்துக்காத, சில பேருக்குப் பொறவியிலயே வரும்."

வசந்த்குமாருக்குக் கூழ் புரையேறியது.

மாதக்கணக்காக ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் திருப்பியனுப்பியவர், அதே குரலை நசுங்கிய குழாய் வழியாகக் கேட்டு மயங்கிக் கிடக்கிறார். இருபது வருஷத்துக் காது அது. பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அது நான்தான் சார் என்று சோபியாவால் சொல்ல முடியாது. சொன்னால், ஒப்பந்தத்தை மீறிப் பேயை ஊருக்கே ஒலிபரப்பியவள் அவள்தான் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால், அவள் இடத்தில் அவளுடைய தம்பி. அதுவும் மொபெட் சத்தம் போடும் தம்பி.

அவள் யோசித்தது ஒரு நொடிகூட இருக்காது.

"தெரியும் சார் அந்தப் பையன" என்றாள். "என் தம்பிதான்."

"அப்படியா! ரத்தத்துலயே இருக்கு போல! உனக்கு மட்டும் வரல பாரு. நாளைக்குக் காலைல ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டு வந்துடு. என் முன்னாடி ஒரு தடவ கத்தினாப் போதும், முடிச்சுடலாம்."

"கூட்டினு வரேன் சார். அவனுக்கு ஒரு பழக்கம் கீது. சொந்தமா ஒரு கொழா வெச்சித்தான் கத்துவான். அத்த எடுத்துக்கினு வரலாமா?"

"ஆர்ட்டிஸ்ட்னா அப்படித்தாம்மா இருக்கணும்! தாராளமா."

போனை வைத்தாள். வசந்த்குமார் எழுந்து நின்றுவிட்டான்.

"பைத்தியமா உனுக்கு? அவரு எதிருல நான் எப்டி கத்துவேன்?"

"நீ கத்த வேணாம். வாயத் தொறந்துக்கினு நில்லு. கத்தறது நானு. கண்ணாடிக்கு அந்தாண்ட ஒக்காந்துக்கினு கண்ண மூடித்தான் கேப்பாரு அவரு. கண்ணத் தொறந்து கேட்டா ஆத்மா வராதாம்."

"அப்பால?"

"நல்லாகீதுன்னு அவரு வாயால சொல்லட்டும். சொன்னப்புறம், கத்தினது யாருன்னு நானே சொல்றேன். அவரு ரூம்புக்குள்ள சொன்னா அது வெளிய சொன்னதா ஆவாது." எழுந்து புடவையை உதறினாள். "கொழா மட்டும் கைல இருந்தாப் போதும். வா, மரம் ஏறு."

* * *

மரத்தடியில் தெருவே நின்றிருந்தது.

நசுங்கிய குழாயின் வாயைச் சுற்றி மஞ்சள். மேலே குங்குமம். கழுத்துக்கு எலுமிச்சம்பழ மாலை. ஏணியை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, ஆதிலட்சுமி மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கோயில் காரியங்களில் அவள் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. தெருச் சண்டைகளிலும் அப்படித்தான்.

"அக்கா, கொழாயக் கழட்டணும்" என்றான் வசந்த்குமார்.

"கைய வெச்சே, கை இருக்காது."

"எங்கப்பா கொழா அக்கா!"

"நேத்து வரைக்கும் உங்கப்பன் கொழா. அம்மா பேசின வாய்டா அது. அடுத்த ஆடி வரைக்கும் அது எறங்காது."

பீட்டர் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். ஒரு கண்ணில் தொழில் கவலை, மறு கண்ணில் பெருமை. அவருடைய குழாய்க்கு யாரும் இதுவரை மாலை போட்டதில்லை.

பாண்டுரங்கனும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். எழுந்ததும் பேச்சும் திரும்பிவிட்டது. மரத்தைச் சுற்றி ஒரு மண்டபம் கட்டித் தருவதாக அறிவித்தார். மண்டபத்தின் நான்கு மூலையிலும் யார் படம் வரும் என்பதை அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வசந்த்குமார் அக்காவின் காதில் சொன்னான். "முடிஞ்சிபோச்சு. வா போலாம்."

சோபியா நகரவில்லை. அண்ணாந்து குழாயைப் பார்த்தாள். அங்கிருந்து இறங்கி வீட்டு ஜன்னலுக்குப் போகும் ஒயரைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனாள்.

"ஆதிலட்சுமியக்கா" என்றாள். "அம்மாவே எறங்கணும்னு சொன்னா?"

"அம்மா சொன்னா நானே ஏறிக் கழட்டுவேன்டி. மனுசங்க சொன்னாத்தான் கேக்க மாட்டேன்."

"சரிக்கா."

சோபியா வீட்டைப் பார்த்து நடந்தாள். வசந்த்குமாருக்குப் புரிய நான்கு எட்டு ஆயிற்று. புரிந்ததும் பின்னாலேயே ஓடினான்.

"அக்கா! வேணாம். இது கேம் இல்ல."

"ஒரே வார்த்ததான்டா. எறக்குங்கன்னு ஒரே ஒரு வார்த்த. ஒரு நாளு மெட்ராஸ் போய்ட்டு வந்ததும் நாமளே மறுபடி கட்டிடலாம், மாலையோட."

காலையிலிருந்து அவள் செய்தது எதிலும் தடுமாறவில்லை. இதிலும் தடுமாறவில்லை. வாசற்படி ஏறினாள். கூடத்துக்குள் கால் வைத்தாள்.

ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் தேவயானி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் மண் அப்படியே ஒட்டியிருந்தது. மடியில் மைக். ஒரு கை மரப்பலகையின் மேல், சுவிட்சை மூடியபடி.

"பசிக்குதுன்னு கேட்டியே" என்றாள். சத்தம் உயரவில்லை. "வுழுந்து கும்புட்டேன். மூஞ்சி மண்ணுல பட்டப்புறந்தான் தெரிஞ்சிது, அது நீன்னு."

சோபியா அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"உனுக்கு ஒரு வேலை குடுன்னுதான்டி அவகிட்ட கேட்டுக்கினு நின்னேன் அப்ப." தேவயானி மைக்கை மகள் பக்கம் நீட்டினாள். சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. "இப்ப இன்னா பேசப் போறே அவ வாயால? மொதல்ல எனுக்குச் சொல்லு."